சேவை செய்ய எதுக்குங்க சர்டிபிகேட்?

கொடுமுடிப் பக்கம் ஒரு வீட்டில் டிகிரி முடித்த பெண் "எம்.எஸ்.டபிள்யூ. சேரப் போறேன்" என்று சொன்னால், "அப்படின்னா என்ன படிப்பு கண்ணு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சமூகப் பணியில் முதுகலை என்று விளக்கினால் பெரியப்பாவிடம் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "ஊருக்கு நல்லது பண்றதுக்கு ரெண்டு வருசம் படிக்கோணுமா? அதுக்கு ஃபீஸ் வேற கட்டோணுமா?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழநிக்கு நடக்கிறவர்களுக்கு வழிநெடுக மோரும் சோறும் கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை. பட்டம் வாங்கிக்கொண்டு வந்து யாரும் அங்கே மோர் ஊற்றுவதில்லை. கோயில் திருப்பணி, அன்னதானம், பள்ளிக்கூடத்துக்கு நிலம் என்று கொடுக்கிற கை கொங்கு நாட்டில் எப்போதுமே தாராளமான கை.

ஆனால் இதே காவிரிக் கரையில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையான பள்ளிபாளையத்தில், 2025 ஜூலையில் வெளியே வந்த செய்தியை நினைத்துப் பாருங்கள். கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் பேசி மடக்கிச் சிறுநீரகத்தை விற்க வைத்திருக்கிறார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்திருக்கும். "என் விருப்பத்தின் பேரில் தருகிறேன்" என்று கையெழுத்தும் இருந்திருக்கும். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது, கடன் எங்கே ஆரம்பித்தது, வீட்டில் யாருக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்ல அந்த மனிதருக்கு வழி இருந்ததா என்று உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும். நல்ல மனசு மட்டும் இருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட முடியாது. எப்படிக் கேட்பது, யார் இல்லாதபோது கேட்பது, பதில் வந்த பிறகு சட்டப்படி எந்தக் கதவைத் தட்டுவது என்பதெல்லாம் ஒரு தொழில். அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கிற படிப்புதான் எம்.எஸ்.டபிள்யூ.

எந்த இளங்கலைப் பட்டமும் போதும் என்பது இதன் பெரிய வசதி. பி.ஏ. தமிழ், பி.காம்., பி.எஸ்ஸி. வேதியியல் என்று எதைப் படித்தவரும் சேரலாம். கொடுமுடி ரயில் நிலையத்தில் நின்றால் இரண்டு திசையிலும் கல்லூரி இருக்கிறது. ஈரோடு வழியாகக் கோவைக்குப் போனால் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, பிஷப் அப்பாசாமி கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகம். கரூர் வழியாகத் திருச்சிக்குப் போனால் பிஷப் ஹீபர் கல்லூரி, பாரதிதாசன் பல்கலைக்கழகம். இன்னும் தள்ளிப் போகத் தயார் என்றால் காந்திகிராமம், மதுரை சமூக அறிவியல் நிறுவனம், சென்னை சமூகப் பணிப் பள்ளி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் என்று பட்டியல் நீளும்.

பாதிப் படிப்பு தெருவில்

மற்ற முதுகலைப் படிப்புகளிலிருந்து இது மாறுபடுகிற இடம் 'ஃபீல்ட் ஒர்க்'. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பே கிடையாது. மருத்துவமனை, மில், குழந்தைகள் இல்லம், பஞ்சாயத்து, தொண்டு நிறுவனம் என்று ஒரு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்துக்கு மாணவர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஏஜென்சி'. போய் வந்த ஒவ்வொரு நாளுக்கும் ரிப்போர்ட் எழுத வேண்டும். வாரத்தில் ஒரு தடவை ஆசிரியருடன் தனியாக உட்கார்ந்து அதைப் பேச வேண்டும். அதற்குப் பெயர் 'ஐ.சி.'. இவை தவிர, ஒரு கிராமத்தில் சில நாட்கள் தங்கும் 'ரூரல் கேம்ப்', விடுமுறையில் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து வேலை செய்யும் 'பிளாக் பிளேஸ்மென்ட்'. கேம்பில் ஊர் நடுவில் கோலமாவால் ஊர் வரைபடம் போட வைப்பார்கள். வரைவது ஊர்க்காரர்கள்; மாணவரின் வேலை, பார்த்துக்கொண்டிருப்பது. கோயிலையும் கிணற்றையும் முதலில் போடுவார்கள். ஒரு தெரு மட்டும் கடைசிவரை வரைபடத்தில் வராமலே போகும். எந்தத் தெரு என்பதை வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரிப்போர்ட் எழுதுவது என்றால் "சென்றேன், பார்த்தேன், விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்" என்று எழுதுவது அல்ல. பேசியதைப் பேசியபடி எழுத வேண்டும். இப்படி ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பையன் ஒருவனின் வீட்டுக்கு மாணவி போகிறார். அம்மா சொல்கிறார்: "அவனுக்குப் படிப்பு ஏறலைங்க." மாணவி கேட்கிறார்: "ஏன் ஏறலைங்க?" அம்மா: "என்னமோ போங்க." பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. ரிப்போர்ட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதுவார்: 'ஏன்' என்றதும் அந்தம்மா எங்கே பார்த்தார்?

அடுத்த வாரம் மாணவி 'ஏன்' என்ற சொல்லையே எடுக்கவில்லை. "பள்ளிக்கூடம் போனப்ப காத்தால எத்தன மணிக்கு எந்திரிப்பான்?" என்று கேட்கிறார். எங்கே எந்திரிக்கிறது, ராத்திரி பதினொன்று வரைக்கும் தறிப்பட்டறையில் அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பான் என்கிறார் அம்மா. அப்பா ஏன் ராத்திரியும் ஓட்டுகிறார்? அட்வான்ஸ் வாங்கியிருக்கிறது. எவ்வளவு? அந்தம்மாவுக்குத் தெரியாது, நோட்டு ஓனர் கையில் இருக்கிறது. படிப்பு ஏறாத பையன் என்று தொடங்கியது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 வரைக்கும் போய்விட்டது. இரண்டாவது கேள்வி மாறியதால் திறந்த கதவு அது. இரண்டு வருஷமும் அந்தக் கேள்வி மாறுவதற்கான பயிற்சிதான்.

வகுப்பறையில் இதற்கெல்லாம் கோட்பாடு உண்டு. ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957இல் எழுதிய புத்தகத்தின் ஏழு கொள்கைகளை எம்.எஸ்.டபிள்யூ. மாணவர் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்: ஏற்றுக்கொள், தீர்ப்புச் சொல்லாதே, ரகசியம் காப்பாற்று, முடிவை அவரே எடுக்க விடு என்று போகும். ஒப்பிப்பது எளிது. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர் வீட்டில் 'ரகசியம் காப்பது' எப்படி என்பதற்கு அந்தப் புத்தகத்தில் விடை இல்லை. அதைக் களத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். "கொஞ்சம் தண்ணி கொடுங்கக்கா" என்று சமையலறைப் பக்கம் போய் நிற்பது பல மாணவிகள் கண்டுபிடித்த வழி.

பம்பாயும் சென்னையும்

இந்தியாவில் இந்தப் படிப்பு 1936இல் பம்பாயில் தொடங்கியது. கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்கர் நாக்பாடா சேரிப் பகுதியில் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து முளைத்தது, சர் தோராப்ஜி டாடா பட்டமேற்படிப்புப் பள்ளி. 1944இல் அதுவே டாடா சமூக அறிவியல் நிறுவனம், அதாவது டிஸ், ஆனது. தமிழ்நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ். ஊட்டியில் பிறந்த பார்சிப் பெண்மணி. இளவயதிலேயே கணவரை இழந்தவர். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கான உபசரிப்புக் குழுவை நடத்தியவர். கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பைப் பெரிதாக வளர்த்தவர். இத்தனை சேவை செய்த பிறகுதான், சேவைக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று 1952இல் சென்னை சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். கொடுமுடிப் பெரியப்பாவின் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான பதில் கிடைக்காது.

மாணவர் களப்பணி எதுவரைக்கும் போகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. குழந்தைகளுக்கான 1098 உதவி எண் 1996இல் டிஸ் நிறுவனத்தின் களத்திட்டமாக, ஜெரூ பில்லிமோரியா என்ற ஆசிரியரின் முயற்சியில் பம்பாயில் ஆரம்பித்தது. ரயில் நிலையத்துப் பையன்கள் ராத்திரி கூப்பிட ஒரு எண் வேண்டும் என்பதே தொடக்கம். இன்று கொடுமுடி வகுப்பறைச் சுவரிலும் அந்த எண் எழுதியிருக்கிறது.

மில் ஹாஸ்டலும் ஹெச்.ஆர். மேசையும்

இனி கொங்கு நாட்டுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில் மாணவர் ஒரு சிறப்புப் பிரிவைத் தேர்வு செய்ய வேண்டும். சமுதாய வளர்ச்சி, மருத்துவம் மற்றும் மனநலம், மனிதவளம் என்று பிரிவுகள் இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஹெச்.ஆர். பக்கம் சாய்கிறவர்கள் ஏராளம். காரணம் வெளிப்படை: மில்லும் பனியன் கம்பெனியும் ஃபவுண்டரியும் பம்புசெட்டுத் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கின்றன.

சட்டமும் வேலை வைத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆவது பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றினால் பெருந்துறை சிப்காட்டிலும் திருப்பூரிலும் இன்னும் எத்தனையோ எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரிகளுக்கு நாற்காலி கிடைக்க வேண்டும். 'பின்பற்றினால்' என்ற சொல்லின் மேல்தான் எல்லாம் நிற்கிறது.

வேலை கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கும். தென்மாவட்டங்களிலிருந்து பதின்பருவப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில்லுக்கு அழைத்து வந்து, மில் வளாகத்து ஹாஸ்டலிலேயே தங்க வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது. 'கேம்ப் கூலி' என்றும் சொல்வார்கள். வெளியே போக அனுமதி இல்லாதது, போன் பேசத் தடை, நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் மொத்தத் தொகை கைக்கு வராதது என்று புகார்கள் குவிந்தன. 2011இல் நெதர்லாந்து ஆய்வு நிறுவனமான சோமோவின் அறிக்கை இதை ஐரோப்பியத் துணிக்கடைகளின் வாசலுக்கே கொண்டுபோனது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தமிழ்நாடு 2014இல் கொண்டுவந்தது.

இந்த ஒரே விவகாரத்தில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் எத்தனை இடத்தில் இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஹாஸ்டல் வார்டனுக்கு மேலே மில்லின் நல அலுவலராக இருந்திருப்பார். புகாரை வெளியே கொண்டுவந்த தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்திருப்பார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அலுவலராக, வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய ஆடிட்டராக, ஊர் திரும்பிய பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்த ஆலோசகராக இருந்திருப்பார். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஏழு கொள்கைகளை ஒப்பித்தவர்கள்!

திருப்பூரில் ஆடிட்டுக்குத் தயாராகும் ஹெச்.ஆர். வேலைக்குக் 'காம்ப்ளையன்ஸ்' என்று பெயர். "ஆடிட் வருது" என்ற சொல் கம்பெனிக்குள் வந்துவிட்டால் ஹெச்.ஆர். ஆளுக்குத் தூக்கம் போய்விடும். வயதுச் சான்று, சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு, தீயணைப்பு ஒத்திகை, புகார்ப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்பது வரை எல்லாம் நேராக இருக்க வேண்டும். ஆடிட்டருக்கு ஒரு நோட்டு, சம்பளம் போட இன்னொரு நோட்டு என்ற இரட்டைக் கணக்கு உலகம் முழுக்க ஆயத்த ஆடைத் தொழிலைப் பிடித்த வியாதி. அதை எழுதச் சொல்லி முதலாளி நீட்டுகிற பேனா, மாணவர் காலத்தில் களப்பணி ரிப்போர்ட் எழுதிய அதே கைக்குத்தான் வரும்.

ஹெச்.ஆர். எடுக்காதே என்று இதனால் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். மில்லுக்குள் இருக்கிற நல்ல நல அலுவலர் ஒருவர், காய்ச்சலில் படுத்த பெண்ணை ஷிஃப்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவிட முடியும். வெளியே கோஷம் போடுகிறவரால் அன்றைக்கு ராத்திரி அது முடியாது. ஆனால் சம்பளம் தருகிறவர் ஒருவர், நாம் யாருக்காக வேலை செய்கிறோமோ அவர் வேறொருவர் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். பல கல்லூரிகளில் ஹெச்.ஆர். பிரிவு எம்.பி.ஏ.வின் மலிவுப் பதிப்பாகவே சுருங்கிவிட்டது என்பது என் எண்ணம். சம்பளப் பட்டியல் போடவும் பி.எஃப். கணக்குப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, நோட்டு நீட்டப்படும்போது என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

இப்போது ஹாஸ்டலில் இருப்பது பெரும்பாலும் ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். 2023 மார்ச்சில் பிஹார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூர் ரயில் நிலையத்தில் ஊருக்குத் திரும்பும் கூட்டம் நின்றதே, அன்றைக்கு உடைந்த இந்தியிலாவது பேசத் தெரிந்த ஒரு களப்பணியாளர் பத்துப் பேருக்குச் சமம். எம்.எஸ்.டபிள்யூ. சேருகிறவர் இந்தியோ ஒடியாவோ நான்கு வாக்கியம் கற்றுக்கொள்வது, இங்கே எந்தச் சிறப்புத் தாளையும்விட உதவும்.

ஐ.சி.யூ. வாசலில்

மருத்துவமனைச் சமூகப் பணியைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுதான் என்று தெரிந்திருக்காது. சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் உறுப்பு தானம் பற்றிப் பேசும் ஒருங்கிணைப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இந்தப் பதவியைக் கட்டாயமாக்கியது. 2014 விதிகள் இதற்குரிய தகுதிகளில் சமூகப் பணி முதுகலையையும் சேர்த்தன. தமிழ்நாட்டில் 2008இல் திருக்கழுக்குன்றம் மாணவர் ஹிதேந்திரனின் பெற்றோர், மருத்துவர்களாக இருந்தவர்கள், மகனின் உறுப்புகளைத் தானம் செய்த பிறகு இந்த இயக்கம் வேகம் பிடித்தது. 2023 செப்டம்பரிலிருந்து தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு.

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மூளைச்சாவை உறுதிசெய்யும் பரிசோதனையைக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை செய்ய வேண்டும். அந்த ஆறு மணி நேரம்தான் சமூகப் பணியாளரின் நேரம். நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. "உசுரு இருக்குதுங்களே" என்கிறார் மனைவி. அப்போது தானத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இறப்பைச் சொல்வதும் தானம் கேட்பதும் ஒரே மூச்சில் வரவே கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. டீ வாங்கிக் கொடுப்பது, ஊரிலிருந்து வருகிற அண்ணனுக்கு வழி சொல்வது, போலீஸ் காகிதத்துக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று பார்ப்பது என்று நேரம் போகும். குடும்பத்தில் முடிவெடுப்பவர் யார் என்பது இதற்குள் தெரிந்துவிடும். அழுகிறவராக அவர் இருக்க மாட்டார். பெரும்பாலும் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருக்கும் மாமனாக இருப்பார். அவர்கள் வேண்டாம் என்றால், வேண்டாம்தான். அந்தப் பதிலுக்குப் பிறகும் உடலை வண்டியில் ஏற்றும் வரை கூடவே நிற்கத் தெரிந்தவரே நல்ல ஒருங்கிணைப்பாளர்.

மனநலப் பிரிவில் படி இன்னும் உயரம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருஷ எம்.ஃபில். முடித்தவர் என்று வரையறுக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதில் முன்னோடி. எம்.ஃபில். படிப்பையே யூ.ஜி.சி. நிறுத்திவிட்ட பிறகும், இந்தப் பிரிவுக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 வரை சேர்க்கையை நீட்டித்துக் கொடுத்தது. இந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் அடுத்த ஏற்பாடு என்ன என்பதைச் சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

நொய்யலில் யார் பக்கம்?

கொடுமுடிக்குக் கீழே, நொய்யல் என்ற ஊரருகே நொய்யலாறு காவிரியில் சேருகிறது. திருப்பூர்ச் சாயக்கழிவைச் சுமந்து வந்த ஆறு அது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையானது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வைத்து நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

வகுப்பறையில் இதைச் 'சமூகச் செயல்பாடு' என்ற பாடத்துக்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். ஆனால் பட்டறை மூடிய மறுநாள் வேலை போன சாயத் தொழிலாளி யாருடைய கிளையன்ட்? கிணற்றில் உப்பு ஏறிய விவசாயி ஒரு பக்கம், வாரச் சம்பளம் நின்ற தொழிலாளி ஒரு பக்கம். இருவருக்கும் இடையில் பணம் சம்பாதித்தவர் மூன்றாவது பக்கம். களப்பணிக்குப் போகிற மாணவர் எந்த ஊரில் இறங்குகிறாரோ அந்த ஊரின் நியாயமே அவருக்கு முழு நியாயமாகத் தெரியும். முதல் வருஷம் ஒரத்துப்பாளையத்திலும் இரண்டாம் வருஷம் திருப்பூர்த் தொழிலாளர் குடியிருப்பிலும் ஒரே மாணவரை விட வேண்டும். அப்படித் திட்டமிட்டு அனுப்பும் கல்லூரி கிடைத்தால் விடாதீர்கள்.

சாதியைத் தொடாமல் கொங்கு நாட்டில் சமூகப் பணி என்று எழுத முடியாது. 2015இல் கோகுல்ராஜ், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் என்று சாதிக் கொலைகள் நடந்த மண் இது. பெரியார் பிறந்ததும் இதே மண்தான். இங்கே கிராமத்துக்குப் போகும் மாணவரிடம் ஊர்க்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எந்த ஊருங்க? அங்க எந்தப் பக்கம்?" என்பதுதான். பக்கம் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். என்ன பதில் சொல்வது என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தருவதில்லை. தலித் மாணவி ஒருவர் ரூரல் கேம்பில் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்க முடியும் என்பதை வைத்து அந்த ஊரைப் பற்றி எழுதும் ரிப்போர்ட், பேராசிரியர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரை பலவற்றைவிடக் கனமாக இருக்கும். அந்த ரிப்போர்ட்டைக் கல்லூரி என்ன செய்கிறது? பெரும்பாலும் ஒரு டிக் அடித்து, அலமாரியில் வைக்கிறது.

சரி, சம்பளம்?

பெரியப்பாவின் கடைசிக் கேள்வி இதுதான். அதற்கும் நேராகப் பதில் சொல்லிவிடலாம். கோவை, திருப்பூர் ஹெச்.ஆர். வேலைகள் கட்டுப்படியாகும். மருத்துவமனைகள் சுமார். அரசுத் திட்டங்களில் வேலை நிறைய உண்டு: மாவட்ட மனநலத் திட்டம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், எச்.ஐ.வி. ஆலோசனை மையங்கள். லாரிகளின் ஊரான நாமக்கல் வட்டாரத்தில் எச்.ஐ.வி. உச்சத்தில் இருந்த காலத்தில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்குக் கதவு திறந்தது இந்த மையங்களால்தான். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். நிரந்தரம் வேண்டும் என்றால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக நன்னடத்தை அலுவலர் போன்ற பதவிகள் எப்போதாவது வரும். இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

சம்பளம் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், வக்கீலுக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல் இந்தத் தொழிலுக்கு ஒரு கவுன்சில் இல்லாதது. யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டில் 'சமூகப் பணியாளர்' என்று போட்டுக்கொள்ளலாம். சட்டமே அப்படித்தான் நடத்துகிறது. சிறார் நீதிச் சட்டம், 2015இன்படி ஒவ்வொரு சிறார் நீதிக் குழுமத்திலும் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு 'சமூகப் பணியாளர்கள்' இருக்க வேண்டும். அவர்களுக்குச் சமூகப் பணிப் பட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குழந்தைகள் நலத்தில் ஏழு வருஷ அனுபவம் போதும்; அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒரு பட்டத்தோடு தொழில் செய்பவராக இருக்கலாம். அந்தப் பட்டியலில் சமூகப் பணி மட்டும் இல்லை! 2021ஆம் ஆண்டின் இணை சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்தது ஒரு ஆறுதல். மில்லிலும் கிராமத்திலும் வேலை செய்பவர்களுக்கு அதுவும் இல்லை. பிரிட்டனில் பதிவு பெறாதவர் 'சோஷியல் ஒர்க்கர்' என்று சொல்லிக்கொள்வது 2005இலிருந்து குற்றம். நம் பட்டதாரிகள் அங்கே வேலைக்குப் போவதற்கு அந்த மதிப்பும் ஒரு காரணம். ஆனால் இங்கே வாங்கிய பட்டத்தை அங்குள்ள பதிவு அமைப்பு ஏற்ற பிறகே வேலை.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எம்.எஸ்.டபிள்யூ. நடத்துகின்றன. அவற்றிலும் களப்பணி உண்டு. அந்த நாட்களுக்கு முதலாளி லீவு கொடுப்பாரா என்பதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நேரில் சேர்கிறவர்கள், பிராஸ்பெக்டஸில் போட்டிருக்கும் கட்டடப் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று விஷயத்தைக் கேளுங்கள். ஏஜென்சிகளின் பட்டியலைக் காட்டுவார்களா? வாரா வாரம் ஐ.சி. உண்மையிலேயே நடக்கிறதா? இந்த இரண்டையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்காமல் சீனியர் மாணவர்களிடம் கேட்பது உத்தமம். மூன்றாவது பஸ் செலவு. வாரத்துக்கு இரண்டு நாள் களத்துக்குப் போய்வரும் காசு ஃபீஸ் ரசீதில் வராது. ஆனால் மாதக் கடைசியில் வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, போகாமலே ரிப்போர்ட் எழுதுகிறவர்களை உருவாக்குவது அதுதான். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. சேர்க்கையின்போதே விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

டிஸ் போக ஆசை இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதற்கு இப்போது க்யூட் பி.ஜி. தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும். தேர்வு மார்ச் வாக்கில், அதாவது இளங்கலைக் கடைசி செமஸ்டர் முடிவதற்கு முன்பே. நம் பக்கத்துப் பிள்ளைகள் ரிசல்ட் வந்த பிறகு, மே மாதத்தில்தான் அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்க உட்காருகிறார்கள். இறுதியாண்டில் இருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போதே இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள்.